பவளக்காரத் தெருவும் நாராயணவனத்துக் கல்லும்

வெட்கத்தை விட்டு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சென்னையில் பவளக்காரத் தெருவில் ஏழு வருடம் வாடகைக்குக் குடியிருந்தேன். அந்தத் தெருவுக்கு ஏன் அந்தப் பெயர் என்று கேட்டவர்களுக்கெல்லாம், ஒரு காலத்தில் அங்கே வீட்டுக்கு வீடு பவளமல்லி மரம் நின்றது என்று சொல்லி வந்தேன். எனக்கு அதை யாரும் சொல்லவில்லை. நானாக யோசித்தேன், நன்றாக இருந்தது, வைத்துக்கொண்டேன். ஒரு வாரப் பத்திரிகையில் அதைக் கட்டுரையாகவும் எழுதினேன். இரண்டு வாசகர்கள் அந்த மணத்தைச் சிறுவயதில் முகர்ந்திருப்பதாகக் கடிதம் போட்டார்கள்.

கடிதம் போடாமல் போனில் கூப்பிட்டவன் ஒருவன்தான்: தாமோதரன். கல்லூரியில் என் அறைத் தோழன். புத்தூர்ப் பக்கத்துத் தமிழ் விவசாயக் குடும்பம். சித்தூரில் ஒரு கல்லூரியில் சரித்திரம் நடத்தி ஓய்வு பெற்றவன். "டேய், அது பூ இல்லடா. நிஜப் பவளம். கடல் பவளம். அதை வித்தவங்க யூதருங்க" என்றான். அப்புறம் சாவகாசமாக, "நான் அதைப் பத்தித்தான் ஒரு புத்தகம் எழுதிக்கினு கீறேன்" என்றான்.

சென்னை யூதர்களின் சரித்திரத்தை, அந்தத் தெருவில் ஏழு வருடம் தண்ணீர் பிடித்த நான் எழுதாமல், நூறு கிலோமீட்டர் தள்ளி மாந்தோப்பில் உட்கார்ந்திருப்பவன் எழுதுகிறான். அன்று ஆரம்பித்த வயிற்றெரிச்சலுக்கு மூன்று வருடமாக மருந்து எடுத்துக்கொண்டிருக்கிறேன். புத்தகம் முடிந்து, அச்சுக்குப் போகும் முன் பிழை பார்த்துத் தர முடியுமா என்று அவன் கேட்டபோது, உடனே கிளம்பினேன். பிழை பார்க்கத்தான் போனேன். ஒற்றுப் பிழை அல்ல. தூக்கி எறியும்படியான பெரிய பிழை ஒன்று.

நாற்பது வயதுக்குமேல் பாஸ்போர்ட் எடுத்து அதில் முத்திரையே விழாத எனக்கு, மாநில எல்லையைத் தாண்டினாலே வெளிநாடுதான். வியாழக்கிழமை பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பெரியவர்கள் தெலுங்கில் பேசிக்கொண்டு வந்தார்கள். "மகன் வீடு கட்டிவிட்டானா?" "கட்டிவிட்டான்." "உனக்கு அறை இருக்கிறதா?" "இருக்கிறது. அதில் அரிசி மூட்டை இருக்கிறது." ஜன்னலில் நகரி மலை மூக்கை நீட்டிக்கொண்டு கூடவே வந்தது. அந்த மூக்கு கடலிலிருந்தே தெரியும் என்றும், சென்னைக்கு வரும் கப்பல்காரர்கள் அதைப் பார்த்துத்தான் கரை வந்துவிட்டது என்று அறிவார்கள் என்றும் தாமோதரன் எழுதியிருக்கிறான். பவளம் கொண்டுவந்தவர்கள் முதலில் பார்த்தது எங்கள் ஊர் மலையை என்று அதற்குக் கீழே ஒரு வரி. எங்கள் ஊராம். மலையையும் எடுத்துக்கொண்டான்.

அவன் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொந்த வீடு. மாடியில் புத்தகங்களுக்கென்றே ஓர் அறை, அதில் காற்று வரும் திசை பார்த்து ஜன்னல். நான் கல்யாணமானதிலிருந்து பதினோரு வீடு மாறியவன். ஒவ்வொரு மாற்றத்திலும் கொஞ்சம் புத்தகம் எடைக்குப் போகும். அவன் அலமாரியில், நான் எடைக்குப் போட்ட புத்தகங்கள் சில அட்டை போட்டு நின்றன.

"அண்ணா, மொதல்ல துன்னுங்க, அப்பறம் படிங்க" என்றார் அவன் மனைவி சுகுணா. ராகி சங்கடி. நம் ஊரில் களி என்போமே, அதுதான். ஆனால் நம் ஊர்க் களி கையில் ஒட்டும், இது ஒட்டாது. நடுவில் குழி செய்து நாட்டுக்கோழிக் குழம்பை ஊற்றினார். மூன்று உருண்டை சாப்பிட்டேன். சமையலிலாவது குறை இருக்கும் என்று நம்பி வந்த எனக்கு அங்கும் ஏமாற்றம்.

சாயங்காலத்துக்குள் பாதி படித்துவிட்டேன். பாவி நன்றாக எழுதியிருந்தான். போர்ச்சுகலில் மதத்துக்காக விரட்டப்பட்ட குடும்பங்கள் ஆம்ஸ்டர்டாம், லண்டன், இத்தாலியின் லிவோர்னோ என்று சிதறி, அங்கிருந்து சிலர் கோட்டையை ஒட்டி முளைத்துக்கொண்டிருந்த சென்னைக்கு வருகிறார்கள். மத்தியதரைக் கடலின் சிவப்புப் பவளத்தைக் கொடுத்து, கோல்கொண்டாவின் வைரத்தை வாங்குகிறார்கள். நகரசபை முதலில் அமைந்தபோது அதில் உறுப்பினராகவும் உட்காருகிறார்கள். பிறகு பிரேசிலில் வைரம் கிடைக்கிறது. இங்கே கூட்டம் கரைகிறது. மிஞ்சியவை சில கல்லறைக் கற்கள். அவற்றையும் நகரம் இருந்த இடத்தில் இருக்கவிடவில்லை. பெயர்த்து, வேறிடம் வைத்து, கடைசியில் லாயிட்ஸ் சாலைக்குக் கொண்டுவந்தார்கள்.

இந்த இடத்தில்தான் எனக்கு அந்த வணிகர்கள்மேல் முதல் முறையாகப் பாசம் வந்தது. செத்த பிறகும் வீடு மாறியவர்கள். ஆனால் யோசித்தபோது அதிலும் பொறாமைதான் மிஞ்சியது. அவர்களை வேறு யாரோ தூக்கிப்போனார்கள். என் பீரோவை நான்தான் தூக்கினேன்.

கடைசி அத்தியாயம்தான் புத்தகத்தின் உயிர். லண்டனில் ரேச்சல் என்று ஓர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. அவர் குடும்பத்தின் மூதாதை ஒருவர் சென்னையிலிருந்து வைரம் வாங்க உள்நாட்டுக்குப் புறப்பட்டு, திரும்பவே இல்லை. எங்கே இறந்தார், எங்கே புதைத்தார்கள், தெரியாது. இதைக் கடிதத்தில் படித்த தாமோதரனுக்கு, நாராயணவனத்துக்குப் பக்கத்தில் மாமனார் வழியாகத் தனக்கு வந்த மாந்தோப்பு நினைவுக்கு வந்திருக்கிறது. பழைய பாதையோரத் தோப்பு. அங்கே தரையில் ஆள் நீளத்துக்கு ஒரு கற்பலகை. அதன்மேல் கூழாங்கற்கள். யூதர்கள் கல்லறைக்குப் போனால் பூ வைப்பதில்லை, ஒரு கல்லை வைப்பார்கள். இவ்வளவு போதாதா? அத்தியாயம் பிறந்துவிட்டது. ரேச்சல் சனிக்கிழமை அந்தக் கல்லைப் பார்க்கப் போகிறார். திங்கட்கிழமை புத்தகம் அச்சுக்குப் போகிறது.

வெள்ளிக்கிழமை காலை என்னைத் தோப்புக்கு அழைத்துப் போனான். கல்லைக் காட்டிவிட்டு, மோட்டார் ஓடவில்லை என்று ஆள் வந்து சொன்னதால் கிணற்றுப் பக்கம் போய்விட்டான். வெயில். நான் கல்லின் மேல் உட்கார்ந்தேன். கூழாங்கற்கள் இடித்தன. ஒதுக்கினேன்.

"சார்! எய்ந்திரு சார்! எங்க வூட்டு மேல குந்திக்கினு கீறயே!"

மண்வெட்டியோடு ஓர் அம்மாள் நின்றுகொண்டிருந்தார். தோப்பில் கூலி வேலை செய்யும் கன்னியம்மா. நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். வீடு எதுவும் இல்லை.

"எந்த வீடும்மா?"

"தோ, இப்ப தள்ளி உட்டியே, அதான். ரெண்டு மாடி."

அவர் குனிந்து, நான் ஒதுக்கிய கற்களைப் பொறுக்கி, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினார். அப்போதுதான் பார்த்தேன். பலகை முழுக்க அப்படித்தான் இருந்தது. இரண்டு கல், மூன்று கல், ஒரு பேராசைக்காரரின் ஐந்து கல். திருமலைக்கு நடந்து போகும் வழியில் ஜனங்கள் கல் அடுக்கி, வீடு கட்ட வேண்டிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். அதே வேண்டுதல். எத்தனை கல்லோ அத்தனை மாடி.

"மலைக்குப் போவ முடியாதவங்க இங்கியே வெச்சிப்போம். நா வெச்சி நாலு வருசம். பட்டா வந்துச்சி. இன்னும் வூடு தான் வர்ல."

"இந்தக் கல்லு யாரோட சமாதிம்மா?"

"சமாதியா? இது சுமதாங்கி சார். எங்க மாமியா காலத்துல ரெண்டு கல்லு மேல நின்னுக்கினு இருந்துச்சாம். தல சுமய எறக்கி வெச்சிட்டு நிக்கறதுக்கு. டிராட்டரு இடிச்சி உய்ந்துச்சி. அந்தக் காலு ரெண்டும் தோ, வரப்புல கீது பாரு." இருந்தது. வரப்பில் பாதி புதைந்து, இரண்டு கற்கால்கள்.

"தாமோதரன் சாருக்கு இது தெரியாதா?"

"அவரு கேக்கல, நா சொல்லல" என்றார் கன்னியம்மா. "அவருக்கு தான் வூடு கீதே சார். கல்லு எதுக்கு வெக்கறாங்கன்னு அவருக்கு இன்னாத்துக்கு?"

தோப்பு முழுக்க மாம்பூ மணம். எனக்கு உடம்பு லேசாகிவிட்டது. சொந்த வீடு உள்ளவனால் மட்டுமே செய்ய முடிகிற பிழை! சித்தூரில் அத்தனை வருடம் சரித்திரம் நடத்தியவன், தன் தோப்பில் களை எடுப்பவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வாடகைக்காரன் நான் கேட்டேன். கல்லின் மேல் உட்கார்ந்து மாட்டிக்கொண்டதால் கேட்டேன் என்பது வேறு விஷயம்.

சொல்லவா, வேண்டாமா? தாமோதரன் கையைத் துடைத்துக்கொண்டு, "எப்படிடா? சிலிர்க்குது இல்ல?" என்று கேட்டுக்கொண்டு வந்தான். "சிலிர்க்குது" என்றேன். புத்தகம் வெளிவந்ததும் நான் எழுதப்போகும் மதிப்புரையின் முதல் வரி அதற்குள் மனத்தில் உருவாகிவிட்டது. நல்ல வரி. அதை வீணாக்க மனம் வரவில்லை.

அவன் வருவதற்குமுன் இன்னொன்றும் செய்திருந்தேன். பக்கத்தில் கிடந்த இரண்டு கல்லை எடுத்து, கன்னியம்மாவின் வீட்டுக்கு அடுத்த மனையில் அடுக்கியிருந்தேன். பகுத்தறிவு வேறு, வாடகை வேறு.

அன்று பிற்பகல் ரேச்சலை அழைத்துவர மூவரும் பஸ்ஸில் திருப்பதி போனோம். சிவப்பு முகம், வெள்ளை முடி, தோளில் ஒரு துணிப்பை. சுகுணா, வந்ததுதான் வந்தோம் என்று திருச்சானூர்த் தாயாரைப் பார்க்க வேண்டும் என்றார். எல்லாரும் போனோம். திரும்பும்போது ஷேர் ஆட்டோவில் எட்டுப் பேர். ஒன்பதாவதாக ஒரு தண்ணீர் கேனும் ஏறியது. திருச்சானூரைத் தாண்டும் முன்பே பின்சக்கரம் உயிரை விட்டது. டிரைவர், கனமானவர்கள் இறங்குங்கள் என்று தெலுங்கில் சொல்லிவிட்டு என்னை மட்டும் பார்த்தார்.

ரேச்சலும் எனக்குத் துணையாக இறங்கினார். பக்கத்தில் ஒரு மணிமாலைக் கடை. கடைக்காரர் ஒரு சிவப்பு மாலையை நீட்டி, "ஒரிஜினல் பவளம் மேடம்" என்றார். ரேச்சல் வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். "உண்மையான பவளத்தில் மெல்லிய ரேகை ஓடும். மரத்தில் ஓடுவதுபோல" என்று ஆங்கிலத்தில் என்னிடம் சொன்னார். "இதில் இல்லை. இதைச் சொல்லிக் கொடுத்தது என் பாட்டனார். அவருக்கு அவர் பாட்டனார். வியாபாரம் போய் எத்தனையோ காலம் ஆயிற்று. சந்தேகம் மட்டும் குடும்பத்தில் தங்கிவிட்டது."

பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினார். வம்ச விருட்சம். ஒன்பது தலைமுறை, ஒவ்வொரு பெயரும் பொடி எழுத்தில். எனக்கு என் தாத்தா பெயர் தெரியும். அவர் அப்பா பெயர் ரங்கசாமியா ராமசாமியா என்பதில் என் சித்தப்பாக்கள் இருவரும் பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிறார்கள். தாமோதரன்மேல் இருந்த பொறாமை அங்கேயே இரண்டாகப் பிரிந்து, ஒரு பங்கு லண்டனுக்குப் போனது.

"அதிர்ஷ்டசாலி நீங்கள்" என்றேன்.

"பெயர்கள்தாம் இருக்கின்றன. இவர்களில் யார் சிரிக்கச் சிரிக்கப் பேசுவார், யாரோடு சாப்பிட உட்கார முடியாது, ஒன்றும் தெரியாது" என்றார். பிறகு ஒரு பெயரில் விரலை வைத்தார். மற்றப் பெயர்களுக்குக் கீழே எல்லாம் ஓர் ஊர் இருந்தது. இதற்குக் கீழே வெறும் கோடு. "நாளை இந்தக் கோட்டின்மேல் எழுதப்போகிறேன்."

அப்போதே சொல்லியிருக்கலாம். ஆட்டோவுக்குச் சக்கரம் மாட்டி முடித்துவிட்டார்கள். ஏறிக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை. ரேச்சல் கல்லின் முன் கொஞ்ச நேரம் நின்றார். பைக்குள் கைவிட்டு, வெள்ளை நிறத்தில் ஒரு கூழாங்கல்லை எடுத்தார். லிவோர்னோ கடற்கரையில் பொறுக்கியதாம். குனிந்து பலகையின் ஓரத்தில் வைத்தார். உதடுகள் அசைந்தன. தாமோதரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். சுகுணா முந்தானையால் மூக்கைத் துடைத்தார். எனக்கு எதைத் துடைப்பது என்று தெரியவில்லை.

மாமரத்தடியிலிருந்து கன்னியம்மாவின் குரல் வந்தது. உண்மையான வருத்தத்தோடு வந்தது.

"பாவம். அந்தம்மாவுக்கும் சொந்த வூடு இல்லியா?"

தாமோதரன் திரும்பினான். "இன்னா சொன்ன?"

"வூட்டுக்கு தான கல்லு வெக்குது? ஒரே கல்லு வெச்சிக்கினு கீதே, அத்தினி தூரத்துலேந்து வந்து. இன்னும் ஒண்ணு வெக்கச் சொல்லு சார். மாடி கெடைக்கும்." பிறகு என்னைக் கைகாட்டினார். "இந்தச் சாருக்கு நேத்தே எல்லாம் சொன்னேனே. அவரு கூட ரெண்டு வெச்சாரே."

தாமோதரன் என்னைப் பார்த்தான். என் இரண்டு கல்லைப் பார்த்தான். பிறகு கன்னியம்மா பக்கத்தில் போய், "ஆதியிலேந்து சொல்லு" என்று வரப்பில் உட்கார்ந்தான். வேண்டுதல், சுமைதாங்கி, டிராக்டர், வரப்பில் கிடந்த கால்கள் எல்லாம் வந்தன. நேற்று நான் கேட்காத ஒன்றை அவன் கேட்டான்: "யாருக்காக நட்டாங்க?"

"புள்ளத்தாச்சியா செத்துப் போனவளுக்கு சார். வயித்துச் சுமய எறக்காமயே போய்ட்டா இல்ல? அதான், மத்தவங்க சுமயாவது எறங்கட்டும்னு நடுவாங்க. அவ பேரு எங்களுக்குத் தெரியாது."

ரேச்சல், என்ன சொல்கிறார்கள் என்று கேட்டார். நானாக இருந்தால் மொழிபெயர்ப்பில் ஏதாவது செய்திருப்பேன். தாமோதரன் எழுந்து நின்று, ஒரு வார்த்தை விடாமல் ஆங்கிலத்தில் சொன்னான். இது உங்கள் மூதாதையின் கல்லறை அல்ல. நான் தவறு செய்துவிட்டேன். என் தோப்பில் வேலை செய்கிறவரிடம் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. உங்களை அவ்வளவு தூரத்திலிருந்து வரவழைத்துவிட்டேன். நான் மூன்று வருடமாகக் காத்திருந்த காட்சி. ஒரு துளி ருசிக்கவில்லை.

ரேச்சல் கல்லுக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். கன்னியம்மா, வெள்ளைக்காரம்மாவுக்கு வெயில் ஆகவில்லை போல என்று நினைத்துத் தன் தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினார். குடித்துவிட்டு ரேச்சல் கல்லைப் பார்த்தார். "அந்தப் பெண்ணுக்கும் பெயர் தெரியாது, இல்லையா? என் கல் அவளுக்கே இருக்கட்டும்" என்றார். அப்புறம் கன்னியம்மா சொன்னது நினைவுக்கு வந்ததோ என்னவோ, கொஞ்சம் சிரித்தார். "வீட்டைப் பற்றி அவர் சொன்னதும் தவறில்லை. நாங்கள் பல ஊர் மாறியவர்கள்."

அந்த நேரத்தில்தான் தாமோதரன் கன்னியம்மாவின் கழுத்தைப் பார்த்தான். தண்ணீர்ப் பாட்டிலைத் திரும்ப வாங்க அவர் குனிந்தபோது, மஞ்சள் கயிற்றில் தாலிக்கு இருபுறமும் இரண்டு சிவப்பு மணிகள் வெளியே வந்திருந்தன.

"அது இன்னா, பவளமா?"

"எங்க மாமியா தாலில இருந்துச்சி. அவங்களுக்கு அவங்க மாமியா. இன்னாத்துக்குச் சார், வித்துருவன்னு பாக்கறியா?"

ரேச்சல் அனுமதி கேட்டு ஒரு மணியை விரல் நுனியில் எடுத்து, வெளிச்சத்துக்குத் திருப்பினார். கண்ணருகே கொண்டுபோனார். திருச்சானூர்க் கடையில் தேடியதைத் தேடினார். "ரேகை இருக்கிறது" என்றார். விரலை உடனே எடுக்கவில்லை. கன்னியம்மாவும் கழுத்தை இழுத்துக்கொள்ளவில்லை.

தாமோதரன் முகத்தில் ஒரு வெளிச்சம் ஏறியது. எனக்கு அந்த வெளிச்சம் தெரியும். நான் பிழையைக் கண்டுபிடித்தேன். அவன் அத்தியாயத்தைக் கண்டுபிடித்துவிட்டான். அதே கழுத்துக்கு முன்னால் வெள்ளிக்கிழமை அரைமணி நேரம் நின்று பேசியவன் நான்.

ரேச்சலுக்காகப் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய காரில் வீட்டுக்குத் திரும்பும்போது, திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். "நேத்தே தெரியும் இல்ல?" என்றான்.

"தெரியும்."

"சொல்லலை."

"சொல்லலை."

கொஞ்ச தூரம் ஓட்டினான். "சொல்லியிருந்தா அவங்களைத் தோப்புக்கே கூட்டிக்கினு போயிருக்க மாட்டேன். பவளத்தைப் பார்த்திருக்க மாட்டேன். நல்லதுதான் பண்ணியிருக்கே, போ." என் துரோகத்தின் பலனும் அவனுக்கே போய்ச் சேர்ந்தது. பின்சீட்டிலிருந்து சுகுணா மட்டும் சொன்னார்: "அண்ணா, இன்னிக்கி உங்களுக்குச் சங்கடி ரெண்டு உருண்டை தான்."

ஞாயிற்றுக்கிழமை சித்தூரில் அவனுடைய பழைய மாணவி ஒருத்தியின் வீட்டில், கடைசி அத்தியாயத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு அவன் புதிதாகச் சொல்லச் சொல்ல, அவள் கணினியில் தட்டினாள். முதல் வரியே அவன் தப்பு. தோப்புக்காரன் கேட்காத கேள்வி. பிறகு கன்னியம்மா, பெயர் தெரியாத அந்தப் பெண், மாமியாரிடமிருந்து மருமகளுக்கென்று கைமாறி வந்த இரண்டு மணிகள். அவை சென்னை யூதர்கள் கொண்டுவந்த பவளமாக 'இருக்கலாம்' என்று ஒரே சொல் போட்டுச் சில நூற்றாண்டுகளைத் தாண்டிவிட்டான். தாண்டின இடம் தெரியவில்லை. ரேச்சல் தன் தாளில் கோட்டைக் கோடாகவே விட்டுவைத்தார். நான் பிழை பார்த்தேன். மூன்று ஒற்றுப் பிழைகள்.

சென்னைக்கு வந்து என் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நான் சொல்லாமல் இருந்ததையும் சொன்னேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள். கடைசியில், "நீங்க எத்தனை கல்லு வெச்சீங்க?" என்றாள்.

"ரெண்டு. மேல நாம. கீழ வாடகைக்கு விடலாம்."

"வேண்டாங்க. போய் ஒண்ணை எடுத்துட்டு வந்துருங்க" என்றாள். "கீழ குடியிருக்கிறவன் மேல பார்த்துப் பார்த்து வயிறெரிஞ்சா நமக்கு ஆகுமா? உங்களோட குடித்தனம் பண்ணிப் பார்த்துட்டுத்தான் சொல்றேன்."